மூட்டுக்குள் போடும் ஊசியின் பக்கவிளைவுகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் அம்மாவுக்கு 64 வயதில் வலது முழங்காலில் முதன்முறையாக ஸ்டீராய்டு ஊசி போட்டார்கள். மறுநாள் காலை வெறும் வயிற்றில் குளுக்கோமீட்டர் 286 என்று காட்டியது. அதற்கு முன் அவருக்கு அந்த அளவு 140-ஐத் தாண்டியதே இல்லை. முந்தைய இரவு என்ன சாப்பிட்டார், மாத்திரையை மறந்துவிட்டாரா என்று வீடு முழுவதும் ஆராய்ந்தோமே தவிர, முழங்காலில் போட்ட ஊசிக்கும் சர்க்கரைக்கும் தொடர்பு இருக்கும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. ஊசி போட்ட இடத்திலும் அதை யாரும் சொல்லவில்லை. அன்றிலிருந்து ஒவ்வொரு முறையும் மருத்துவரிடம் கேள்விகளை எழுதிக்கொண்டு போவது என் வழக்கமாயிற்று. உறவினர்களும் அக்கம்பக்கத்தினரும் என்னிடம் கேட்டவற்றையும் சேர்த்து, நான் தெரிந்துகொண்டவற்றை இங்கே எழுதுகிறேன். நான் மருத்துவர் அல்ல. ஊசி போடுவதா வேண்டாமா என்ற முடிவை உங்களை நேரில் பரிசோதிக்கும் மருத்துவரோடு பேசித்தான் எடுக்க வேண்டும். அந்தப் பேச்சுக்கு நீங்கள் தயாராகச் செல்ல இது உதவும்.

மூட்டுக்குள் போடும் ஊசி என்றால் எது? எல்லாம் ஒன்றுதானா?

இல்லை. பெரும்பாலும் மூன்று வகை ஊசிகள் புழக்கத்தில் உள்ளன. முதலாவதும் மிகப் பழையதும் ஸ்டீராய்டு ஊசி. அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் பிலிப் ஹெஞ்ச் என்ற மருத்துவர் 1940-களின் இறுதியில் முடக்குவாத (மூட்டுகள் அழற்சியால் வீங்கும் நோய்) நோயாளிகளுக்குக் கார்ட்டிசோன் என்ற ஸ்டீராய்டைக் கொடுத்து, படுக்கையில் கிடந்தவர்கள் எழுந்து நடப்பதைக் கண்டார். 1950-இல் அவருக்கும் உடன் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் உடல் முழுவதும் அம்மருந்து பரவும்போது வரும் கேடுகள் விரைவிலேயே தெரியவந்தன. நோயுள்ள மூட்டுக்குள் மட்டும் சிறிதளவு செலுத்தினால் என்ன என்ற எண்ணத்தில் ஜோசப் ஹாலண்டர் என்ற மருத்துவர் 1951-இல் ஹைட்ரோகார்ட்டிசோனை நேரடியாக மூட்டுக்குள் செலுத்திய அனுபவத்தை வெளியிட்டார். இன்று பெரும்பாலும் டிரையாம்சினோலோன் அல்லது மீதைல்பிரெட்னிசோலோன் பயன்படுகிறது. முழங்காலுக்கு வழக்கமாக 40 மில்லிகிராம், சில சமயம் 80 வரை.

இந்த மருந்து குப்பியில் பால்போல வெண்மையாகக் கலங்கி இருக்கும். கரையாத நுண்ணிய படிகங்கள் அதில் மிதப்பதே அதற்குக் காரணம். அவை மூட்டுக்குள் மெல்ல மெல்லக் கரைவதால்தான் பலன் சில வாரங்கள் நீடிக்கிறது. பக்கவிளைவுகள் சிலவற்றுக்கும் அதே படிகங்கள்தாம் காரணம்.

மற்ற இரண்டு, ‘ஜெல் ஊசி’ என்று மக்கள் சொல்லும் ஹயலூரானிக் அமில (மூட்டு நீரில் இயல்பாகவே உள்ள வழவழப்பான பொருள்) ஊசியும், நம் ரத்தத்தையே எடுத்துச் சுழற்றிப் பிரித்துப் போடும் பி.ஆர்.பி. ஊசியும் ஆகும். மூட்டு வலிக்கென்று இடுப்புத் தசையில் போட்டுக்கொள்ளும் ஊசி இவற்றில் எதுவும் அல்ல. அதில் ஸ்டீராய்டு இருந்தால் அது உடல் முழுவதற்குமான மருந்து. என்ன மருந்து என்று எழுதித் தராமல் யாரேனும் அதை அடிக்கடி போட்டால் தயவுசெய்து போட்டுக்கொள்ளாதீர்கள்.

ஊசி போட்ட அன்றிரவே வலி முன்பைவிடக் கூடிவிட்டது. தவறாகப் போட்டுவிட்டார்களா?

பெரும்பாலும் இல்லை. ஸ்டீராய்டுடன் லிக்னோகெய்ன் என்ற மரத்துப்போகச் செய்யும் மருந்தையும் கலந்து போடுவதால், முதல் சில மணி நேரம் வலியே இல்லாததுபோல் இருக்கும். அதன் வேகம் குறைந்ததும் பழைய வலி திரும்பும். சிலருக்கு அதோடு நிற்காமல், மேலே சொன்ன படிகங்கள் மூட்டின் உட்சவ்வை உறுத்துவதால், மூட்டு சூடேறி, வீங்கி, தொட முடியாத அளவுக்கு வலிக்கும். இது ஊசி போட்ட சில மணி நேரத்திலிருந்து ஒரு நாளுக்குள் தொடங்கி, இரண்டு மூன்று நாட்களில் தானாக அடங்கிவிடும். துணியில் சுற்றிய ஐஸ் கட்டியை ஒரு நேரத்துக்குப் பதினைந்து நிமிடம் வைப்பதும், மூட்டுக்கு ஓய்வு கொடுப்பதும், மருத்துவர் அனுமதித்த பாராசிட்டமால் மாத்திரையும் பொதுவாகப் போதும். ஸ்டீராய்டு முழுமையாக வேலை செய்யச் சில நாட்கள் முதல் ஒரு வாரம் வரை ஆகலாம் என்பதால், முதல் இரண்டு நாள் வலியை வைத்து ஊசி பலிக்கவில்லை என்று முடிவு கட்ட வேண்டியதில்லை.

அது வெறும் வலியா, கிருமித் தொற்றா என்று எப்படிக் கண்டுகொள்வது?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள். மூட்டுக்குள் கிருமி புகுந்து சீழ் பிடிப்பது மிக அரிது. பல ஆயிரம் ஊசிகளுக்கு ஒன்று என்ற அளவில்தான் நேர்கிறது. ஆனால் நேர்ந்துவிட்டால் சில நாட்களுக்குள்ளேயே, எலும்பு முனைகளை மூடியிருக்கும் குருத்தெலும்பு மீள முடியாதபடி கெட்டுவிடக்கூடும். ரத்தத்தில் பரவினால் உயிருக்கும் ஆபத்து.

இரண்டையும் பிரித்துக் காட்டுவது முதலில் காலக்கணக்கு. படிக உறுத்தலால் வரும் வலி முதல் நாளிலேயே உச்சத்துக்குப் போய், அதன்பின் ஒவ்வொரு நாளும் இறங்கும். தொற்றினால் வரும் வலி பெரும்பாலும் இரண்டு மூன்று நாட்கள் கழித்துத் தொடங்கி, ஒவ்வொரு நாளும் ஏறும். ஆகவே மூன்றாம் நாள் வலி முந்தைய நாளைவிடக் கூடியிருந்தால், அல்லது அடங்கிய வலி நான்காம் ஐந்தாம் நாளில் திரும்பினால், அதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. மூட்டுச் சிவப்பு, கொதிப்பு, நடுக்கத்தோடு காய்ச்சல், காலை ஊன்றவே முடியாமை, பிறர் மெதுவாக மடக்கிப் பார்த்தால்கூடத் தாங்க முடியாத வலி ஆகியவை கூடவே வரலாம். ஆனால் காய்ச்சல் இல்லையே என்று ஆறுதல் கொள்ள வேண்டாம். வயதானவர்களுக்கும், சர்க்கரை நோயாளிகளுக்கும், முடக்குவாதத்துக்கு எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கும் தொற்று இருந்தும் காய்ச்சல் வராமல் போகலாம். உள்ளே போட்ட ஸ்டீராய்டே அறிகுறிகளைச் சிறிது மூடி மறைக்கவும் கூடும்.

அப்படிச் சந்தேகம் வந்தால் அன்றைக்கே, இரவானாலும், மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். மூட்டிலிருந்து நீரை எடுத்துப் பரிசோதித்த பிறகுதான் சரியான கிருமிக்கொல்லி மருந்தைத் தீர்மானிக்க முடியும். மருந்துக்கடையில் கேட்டு நாமாகவே ஆன்டிபயாடிக் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டால், பரிசோதனையில் கிருமி தென்படாமல் போய், நோய் உள்ளே பதுங்கிக்கொள்ளும். எண்ணெய் தேய்த்து உருவிவிடுவதும் கூடாது.

தொற்றுக்குப் பெரும்பாலும் காரணம் நம் தோலிலேயே வாழும் ஸ்டாஃபிலோகாக்கஸ் வகைக் கிருமிகள். அதனால் தோலைச் சுத்தம் செய்யும் அந்த ஒரு நிமிடம்தான் மிக முக்கியமானது. அம்மாவுக்கு இரண்டாம் முறை ஊசி போட்ட மருத்துவர் கைகளைக் கழுவி உறை மாட்டிக்கொண்டு, ஊசி இறங்க வேண்டிய இடத்தைப் பேனா மூடியால் அழுத்திச் சின்ன வட்டமாகத் தடம் பதித்தார். பிறகு பழுப்பு நிற அயோடின் திரவத்தை நடுவிலிருந்து வெளிப்பக்கமாகச் சுற்றிச் சுற்றித் தடவிவிட்டு, அது காயும்வரை பேசாமல் நின்றார். ஈரமாக இருக்கும்போதே குத்தினால் மருந்து கிருமியைக் கொல்ல நேரம் இருக்காது என்று கேட்காமலே விளக்கினார். துடைத்த இடத்தை அதன்பின் விரலால் தொடவில்லை. புதிய ஊசியும் புதிய சிரிஞ்சும் நம் கண்முன்னே பிரிக்கப்படுவதைப் பார்க்க நமக்கு உரிமை உண்டு. அதைக் கேட்பதற்குத் தயங்க வேண்டியதில்லை.

எனக்குச் சர்க்கரை நோய் உண்டு. இந்த ஊசி போடலாமா?

போடலாம், ஆனால் முன்கூட்டியே சொல்லிவிட்டு, முன்னேற்பாட்டோடு. மூட்டுக்குள் போட்ட ஸ்டீராய்டு மூட்டுக்குள்ளேயே தங்கிவிடுவதில்லை. அதில் ஒரு பங்கு ரத்தத்தில் கலக்கிறது. கலந்ததும் கல்லீரல் அதிகமாகச் சர்க்கரையை வெளியிடுகிறது, தசைகள் இன்சுலினுக்குச் சரியாக இசைவதில்லை. பெரும்பாலானவர்களுக்கு ஊசி போட்ட அன்று அல்லது மறுநாள் சர்க்கரை ஏறத் தொடங்கி, இரண்டு முதல் ஐந்து நாட்கள், சிலருக்கு ஒரு வாரம் வரை அப்படியே இருந்துவிட்டு இறங்கும். 300-ஐத் தொடுவதும் நடக்கக்கூடியதே. வெறும் வயிற்று அளவைவிடச் சாப்பாட்டுக்குப் பிந்தைய அளவும் மாலை நேரத்து அளவும் அதிகம் ஏறுவதால், காலையில் மட்டும் பார்த்துவிட்டு இருந்துவிடக் கூடாது.

இரண்டாம் முறை நாங்கள் செய்தது இதுதான். ஊசிக்கு ஒரு வாரம் முன்பே சர்க்கரை மருத்துவரிடம் போய், அளவு இவ்வளவுக்கு மேல் போனால் மாத்திரையை எப்படி மாற்ற வேண்டும் என்று எழுதி வாங்கிக்கொண்டோம். ஊசி போட்ட நாளிலிருந்து ஏழு நாட்கள், காலையில் ஒன்றும் இரவு உணவுக்குப் பின் ஒன்றுமாக அளந்தோம். மூன்றாம் நாள் இரவு 271 வரை போய், ஆறாம் நாள் பழைய அளவுக்கு வந்தது. தெரிந்தே எதிர்பார்த்ததால் யாரும் பதறவில்லை. திரும்பத் திரும்ப 300-க்கு மேல் காட்டினாலோ, தாகம், அடிக்கடி சிறுநீர் கழித்தல், வாந்தி, தலைசுற்றல், குழப்பம் ஆகியவை வந்தாலோ அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும். இன்சுலின் போடுபவர்களுக்கு ஏற்றம் கூடுதலாக இருக்கலாம்.

ஏற்கெனவே சர்க்கரை கட்டுக்கடங்காமல் இருக்கும்போது ஊசியைத் தள்ளிப் போடுவதே நல்லது. தமிழ்நாட்டில் முழங்கால் தேய்மானத்தோடு வரும் அறுபது வயதுக்காரர்கள் பலருக்குச் சர்க்கரை இருக்கும்போது, ‘சுகர் இருக்கிறதா, இப்போது எவ்வளவு’ என்ற கேள்வி ஊசிக்கு முன் எந்த அறையிலும் விடுபடக் கூடாது. விடுபட்டால் நாமே சொல்ல வேண்டும்.

முகம் சிவந்து எரிகிறது; இரவில் தூக்கமும் இல்லை. இது ஒவ்வாமையா?

ஸ்டீராய்டு ஊசிக்குப் பிறகு கன்னமும் கழுத்தும் சூடாகிச் சிவப்பது, குறிப்பாகப் பெண்களுக்கு, அறியப்பட்ட ஒன்றுதான். ஒரு நாள் முதல் மூன்று நாளுக்குள் தானாகப் போய்விடும். ஓரிரு இரவுகள் தூக்கம் குறைவது, மனம் பரபரப்பாக இருப்பது, ரத்த அழுத்தம் சற்று ஏறுவது ஆகியவையும் உண்டு. ஆனால் தடிப்பு, அரிப்பு, உதடு அல்லது நாக்கு வீக்கம், மூச்சுத் திணறல் வந்தால் அது வேறு. அது அவசரச் சிகிச்சைக்கு உரியது. இத்தகைய ஒவ்வாமை வந்தால் பெரும்பாலும் முதல் அரை மணி நேரத்துக்குள் தெரிந்துவிடும் என்பதால், ஊசி போட்டவுடன் ஆட்டோ பிடிக்காமல் அங்கேயே சிறிது நேரம் உட்கார்ந்திருப்பது நல்லது. ஊசியைக் கண்டு மயங்கி விழுபவர்கள் அதை முதலிலேயே சொல்லி, படுத்த நிலையில் போட்டுக்கொள்ளலாம்.

மாதவிலக்கில் மாற்றம் வருமா?

வரலாம். நாள் தள்ளுவதும், இடையில் ரத்தம் படுவதும் ஓரிரு சுழற்சிகளுக்கு இருக்கலாம். மாதவிலக்கு முற்றிலும் நின்றுபோன பெண்களுக்கும் ஊசிக்குப் பின் ரத்தப்போக்கு நேர்வதுண்டு. ஆனால் அதை ஊசியால்தான் வந்தது என்று தாமாகவே எண்ணிக்கொண்டு இருந்துவிடக் கூடாது. நின்றுபோனபின் வரும் ரத்தப்போக்கு எதுவாயினும், மகளிர் மருத்துவரிடம் ஒருமுறை பரிசோதித்தே ஆக வேண்டும். நம் வீடுகளில் பெண்கள் இதை வெளியில் சொல்லக் கூச்சப்படுவதால்தான் தனிக் கேள்வியாக எழுதுகிறேன்.

மணிக்கட்டில் ஊசி போட்ட இடம் வெளுத்துக் குழிவிழுந்துவிட்டது. வெண்புள்ளி நோயா?

அல்ல. ஸ்டீராய்டு தோலுக்கு அருகில் கசிந்தால் அங்கே நிறம் தரும் செல்கள் ஓய்ந்துபோகின்றன. அடியில் உள்ள கொழுப்பும் கரைந்து சிறு பள்ளம் விழுகிறது. மூட்டு ஆழத்தில் இருக்கும் முழங்காலிலும் இடுப்பிலும் இது குறைவு. தோலை ஒட்டி இருக்கும் மணிக்கட்டு, கட்டைவிரல் அடி, விரல் மூட்டுகள், முழங்கையின் வெளிப்புறம் ஆகிய இடங்களில் அதிகம். நம்முடையதுபோன்ற மாநிறத்திலும் கருநிறத்திலும் இது நன்றாகக் கண்ணில் படும். ஊசி போட்டவுடன் தெரியாது. ஒன்று முதல் நான்கு மாதம் கழித்துத்தான் தோன்றும் என்பதால் பலர் இரண்டையும் தொடர்புபடுத்துவதே இல்லை. சில சமயம் அந்த வெளுப்பு ரத்தநாளத்தின் வழியே கோடுபோல மேல்நோக்கி நீளும்.

இது தொற்றாது, உடலின் மற்ற இடங்களுக்குப் பரவாது. பெரும்பாலானவர்களுக்கு ஆறு மாதம் முதல் இரண்டரை ஆண்டுக்குள் நிறம் திரும்பிவிடுகிறது, சிலருக்கு நிலைத்துவிடுகிறது. எளிதில் கரையாத டிரையாம்சினோலோனில் இந்த வாய்ப்பு கூடுதல் என்பதால், தோலை ஒட்டிய சிறு மூட்டுகளுக்கு எளிதில் கரையும் வகையைப் பல மருத்துவர்கள் தேர்ந்தெடுக்கிறார்கள். என் சித்தி மகளுக்குக் கட்டைவிரல் அடியில் ஒரு ரூபாய் நாணயம் அளவு வெளுத்துப்போய், திருமணப் பேச்சு நடந்த அந்த ஓராண்டும் அவள் கையைத் துப்பட்டாவுக்குள் வைத்துக்கொண்டே நின்றாள். உயிருக்கு ஆபத்தில்லாத பக்கவிளைவு என்று இதைச் சொல்லாமல் விடுவது எவ்வளவு பெரிய தவறு என்பதை அவளைப் பார்த்தபோது உணர்ந்தேன்.

ஊசி போட்டால் எலும்பு தேயும் என்கிறார்களே, உண்மையா?

முழு உண்மையும் அல்ல, முழுப் பொய்யும் அல்ல. ஒன்றிரண்டு ஊசிகளால் மூட்டு கெட்டுவிடும் என்பதற்குத் திடமான சான்று இல்லை. ஆண்டுக்கணக்கில் திரும்பத் திரும்பப் போடும்போதுதான் கேள்வி எழுகிறது.

கனடாவில் நடந்து 2003-இல் வெளியான ஓர் ஆய்வில், முழங்கால் தேய்மானம் உள்ள 68 பேரில் ஒரு பாதிக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை டிரையாம்சினோலோன் 40 மில்லிகிராமும், மறுபாதிக்கு, ஒப்பிட்டுப் பார்க்க, மருந்தில்லாத உப்பு நீரும் இரண்டாண்டு போட்டார்கள். எக்ஸ்-ரேயில் மூட்டு இடைவெளி இரு பிரிவுக்கும் வேறுபடவில்லை. பாஸ்டனில் இதே மருந்தை, இதே அளவில், இதே இடைவெளியில் 140 பேரிடம் சோதித்து 2017-இல் வெளியிட்டபோது, எக்ஸ்-ரேக்குப் பதில் எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் குருத்தெலும்பின் தடிமனையே அளந்தார்கள். ஸ்டீராய்டு பிரிவில் 0.21 மில்லிமீட்டரும், உப்பு நீர்ப் பிரிவில் 0.10 மில்லிமீட்டரும் குறைந்திருந்தது. எக்ஸ்-ரே எலும்புகளுக்கு நடுவே உள்ள இடைவெளியைத்தான் காட்டும், குருத்தெலும்பைக் காட்டாது என்பது நினைவிருந்தால், இரண்டு ஆய்வுகளும் முரண்படுவதாகத் தோன்றுவதன் காரணம் ஓரளவு விளங்கும். பத்தில் ஒரு மில்லிமீட்டர் வேறுபாட்டை நோயாளி அன்றாடத்தில் உணர்வாரா என்பதில் மருத்துவர்களிடையே இன்றும் விவாதம் உண்டு. எனக்கு அந்த ஆய்வில் அதைவிட முக்கியமாகப் பட்டது வேறொன்று: இரண்டாண்டு முடிவில் வலியில் இரு பிரிவுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. குருத்தெலும்பைச் சிறிது இழந்து, அதற்கு ஈடாக நெடுநாள் பலனும் இல்லை என்றால், மூன்று மாதத்துக்கு ஒருமுறை வழக்கம்போலப் போட்டுக்கொண்டே போவதற்கு நியாயம் குறைந்துவிடுகிறது.

2019-இல் பாஸ்டனைச் சேர்ந்த கதிரியக்க மருத்துவர்கள் மேலும் ஓர் எச்சரிக்கையை எழுதினார்கள். இடுப்பு மூட்டிலும் முழங்காலிலும் ஊசி போட்டுக்கொண்ட சிலருக்குத் தேய்மானம் திடீரென வேகமெடுப்பது, குருத்தெலும்புக்கு அடியில் உள்ள எலும்பில் நுண்முறிவு ஏற்படுவது, எலும்பு ரத்த ஓட்டமின்றி நசிவது ஆகியவற்றைக் கண்டதாக அதில் சொன்னார்கள். ஊசிதான் காரணமா, ஏற்கெனவே உள்ளே நடந்துகொண்டிருந்த கேட்டின் வலிக்காகத்தான் ஊசியே போடப்பட்டதா என்பதை இத்தகைய கணக்கெடுப்பால் பிரித்துச் சொல்ல முடியாது. ஆயினும், எக்ஸ்-ரேயில் தேய்மானம் அதிகம் இல்லாமல் வலி மட்டும் மிகக் கடுமையாக இருந்தால், ஊசிக்கு முன் எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்ப்பது தேவையா என்று கேட்பதற்கு இது போதுமான காரணம்.

அப்படியானால் எத்தனை முறை போடலாம்?

ஒரே மூட்டில் இரண்டு ஊசிகளுக்கு நடுவே குறைந்தது மூன்று மாதம், ஆண்டுக்கு மூன்று அல்லது நான்குக்கு மேல் வேண்டாம் என்பது பரவலாகப் பின்பற்றப்படும் வரம்பு. இது அனுபவத்தால் வந்த வழக்கமே தவிர, அதுவரை போனால் ஆபத்தில்லை என்று நிறுவப்பட்ட எல்லை அல்ல. சிகிச்சை வழிகாட்டிகளை வகுக்கும் இங்கிலாந்தின் நைஸ் அமைப்பு 2022-இல் வெளியிட்ட தேய்மான வழிகாட்டி, பிற மருந்துகள் பலிக்காதபோதோ பொருந்தாதபோதோ, அல்லது உடற்பயிற்சியைத் தொடங்க உதவியாகவோதான் இவ்வூசியைக் கருதச் சொல்கிறது. பலன் இரண்டு முதல் பத்து வாரம்தான் என்று நோயாளிக்கு விளக்கவும் சொல்கிறது.

உடற்பயிற்சி என்றதும் பலர் முகம் சுளிப்பதைப் பார்த்திருக்கிறேன். 2020-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், முழங்கால் தேய்மானம் உள்ள 156 பேரில் பாதிப்பேருக்கு ஊசியும் பாதிப்பேருக்கு இயன்முறைச் சிகிச்சையும் கொடுத்து ஓராண்டு கழித்துப் பார்த்தபோது, இயன்முறைச் சிகிச்சை பெற்றவர்களுக்கே வலியும் முடக்கமும் தெளிவாகக் குறைந்திருந்தன. ஊசி தரும் ஆறு வார நிம்மதியில் தொடைத் தசையை வலுவாக்கிக்கொண்டால், அடுத்த ஊசியின் தேவை தள்ளிப்போகும். அந்த ஆறு வாரத்தில் சும்மா இருந்துவிட்டால் அந்த வாய்ப்பும் போய்விடும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். முழங்காலுக்கு ஒரு மருத்துவர், தோள்பட்டைக்கு வேறொருவர், குதிகாலுக்கு மூன்றாமவர் என்று போய், ஒவ்வோர் இடத்திலும் ஒரு ஊசி வாங்குபவர்கள் உண்டு. மூட்டுகள் தனித்தனி என்றாலும் ரத்தம் ஒன்றுதான். ஒவ்வோர் ஊசியும் உடலின் சொந்த ஸ்டீராய்டைச் சுரக்கும் நம் அட்ரீனல் சுரப்பியின் இயல்பான வேலையைச் சில நாட்கள் முதல் சில வாரங்கள் வரை மந்தப்படுத்துகிறது; அடுத்தடுத்து பல இடங்களில் போடும்போது அது மீள நேரம் இருப்பதில்லை.

முடக்குவாதத்துக்கும் இதே கணக்குத்தானா?

முடக்குவாதத்தில் மூட்டே அழற்சியால் அரிக்கப்படுவதால், ஒரு மூட்டு மட்டும் அடங்காமல் வீங்கியிருக்கும்போது ஊசி நல்ல பலன் தரும். பக்கவிளைவுகள் பெரும்பாலும் அவையேதான். எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மருந்துகளால் தொற்று பற்றிய கவனம் மட்டும் கூடுதலாக வேண்டும். மெத்தோட்ரெக்சேட் போன்ற அடிப்படை மருந்தை நிறுத்திவிட்டு ஊசியை நம்பியிருக்கவே கூடாது.

ஜெல் ஊசியிலும் பி.ஆர்.பி.யிலும் ஸ்டீராய்டு இல்லையே. அவற்றுக்குப் பக்கவிளைவு கிடையாதா?

சர்க்கரை ஏறாது, தோல் வெளுக்காது. ஆனால் வலி, வீக்கம், தொற்று ஆகிய மூன்றும் ஊசி எதுவாயினும் வரக்கூடியவை. சில ஜெல் வகைகள் சேவல் கொண்டையிலிருந்து எடுக்கப்படுவதால், கோழி, முட்டை ஒவ்வாமை உள்ளவர்கள் கட்டாயம் சொல்ல வேண்டும். சில ஜெல் வகைகளுக்குப் பின், குறிப்பாக இரண்டாம் மூன்றாம் ஊசிக்குப் பின், தொற்றைப் போலவே மூட்டு பொங்கி வீங்குவதுண்டு. நீரை எடுத்துப் பரிசோதித்தால்தான் தொற்று இல்லை என்று உறுதிப்படும்.

பலனைப் பொறுத்தவரை, 169 ஆய்வுகளைத் தொகுத்து 2022-இல் வெளியான ஒரு பகுப்பாய்வு, ஜெல் ஊசியால் வலி குறைவது நோயாளி உணரும் அளவுக்குப் பெரிதல்ல என்றும், தீவிரப் பாதகங்கள் போலி ஊசியைவிட அதிகம் என்றும் முடிவு கட்டியது. ஆஸ்திரேலியாவில் 288 பேரிடம் நடந்து 2021-இல் வெளியான பி.ஆர்.பி. ஆய்வில், ஓராண்டு கழித்து உப்பு நீர் ஊசிக்கும் அதற்கும் வலியிலோ குருத்தெலும்பிலோ குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. நகையை அடகு வைத்து இவற்றைப் போட்டுக்கொள்ள நினைப்பவர்கள், முதலில் இந்த முடிவுகளை மருத்துவரிடம் சொல்லி, தம் விஷயத்தில் ஏன் வேறாக இருக்கும் என்று கேட்க வேண்டும்.

மூட்டு மாற்று அறுவைக்கு நாள் குறித்திருக்கிறார்கள். அதுவரை வலிக்கு ஓர் ஊசி போட்டுக்கொள்ளலாமா?

அந்த மூட்டில் வேண்டாம். அறுவைக்கு முந்தைய மூன்று மாதத்துக்குள் ஊசி போட்டவர்களுக்குச் செயற்கை மூட்டில் தொற்று வரும் வாய்ப்பு கூடுவதாகப் பல ஆய்வுகள் காட்டுகின்றன. ஏற்கெனவே போட்டிருந்தால் மறைக்காமல் தேதியைச் சொல்லுங்கள்; அறுவையைத் தள்ளிப் போடுவார்கள். செயற்கை மூட்டு பொருத்தியபின் அதற்குள் இந்த ஊசியைப் போடுவதில்லை.

ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறேன். நிறுத்த வேண்டுமா?

நீங்களாக நிறுத்தவே கூடாது. ஆஸ்பிரின் பொதுவாகத் தடையல்ல. வார்ஃபரின், அசிட்ரோம் சாப்பிடுபவர்களுக்கு ரத்தம் உறைய ஆகும் நேரத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். அளவு உரிய வரம்புக்குள் இருந்தால் பெரும்பாலும் நிறுத்தாமலே போடுகிறார்கள். வரம்பைத் தாண்டியிருந்தால் ஊசியைத்தான் தள்ளிப் போட வேண்டும். இதய வால்வுக்காகவோ பக்கவாதத்தைத் தடுக்கவோ சாப்பிடும் மாத்திரையை முழங்கால் ஊசிக்காக நிறுத்துவது, சிறு ஆபத்துக்கு அஞ்சிப் பேராபத்தை அழைப்பதாகும்.

வேறு யாருக்கெல்லாம் இந்த ஊசி ஆகாது?

மூட்டுக்குள்ளோ, மேல்தோலிலோ, உடலில் வேறெங்குமோ கிருமித் தொற்று இருக்கும்போது போடக் கூடாது. காலில் ஆறாத புண்ணும் இதில் அடங்கும். நம் நாட்டில் கூடுதலாக நினைவில் வைக்க வேண்டியது காசநோய். ஒரே ஒரு மூட்டு, வாரக்கணக்கில், காரணம் தெரியாமல் வீங்கியிருந்தால், அது மூட்டுக் காசநோயாகவும் இருக்கலாம். அதற்குள் ஸ்டீராய்டு செலுத்தினால் சில நாள் நிம்மதி கிடைத்து, நோய் உள்ளே பரவிவிடும். முதலில் நீரை எடுத்துப் பரிசோதிக்கச் சொல்வதில் தவறில்லை. எச்.ஐ.வி.க்கு ரிட்டோனாவிர் கலந்த மருந்து சாப்பிடுபவர்களுக்கு டிரையாம்சினோலோன் உடலில் கழியாமல் தேங்கி, ஓர் ஊசியே பல வாரம் கடும் விளைவுகளைத் தரக்கூடும் என்பதால், அந்த மருந்தை மருத்துவரிடம் மட்டுமாவது சொல்லிவிட வேண்டும். கர்ப்பிணிகளும் பாலூட்டுபவர்களும் அதைச் சொல்ல வேண்டும்.

தசைநாண் அறுந்துபோகும் என்கிறார்களே?

தசையை எலும்போடு இணைக்கும் தசைநாணுக்குள்ளேயே மருந்து இறங்கினால் அது நலிந்து அறுபட வாய்ப்புண்டு. குதிகாலுக்குப் பின்னால் கெட்டியாகத் தெரியும் அக்கிலிஸ் தசைநாணில் ஸ்டீராய்டு போடுவதைப் பெரும்பாலான மருத்துவர்கள் தவிர்ப்பது இதனால்தான். இடுப்பு மூட்டு போன்ற ஆழமான இடங்களுக்கு அல்ட்ராசவுண்டு அல்லது எக்ஸ்-ரே பார்த்துக்கொண்டே போடுவது நல்லது.

ஊசி போட்டபின் வீட்டில் என்ன கவனிக்க வேண்டும்?

அன்று இருசக்கர வண்டி ஓட்ட வேண்டாம். கால் மரத்திருக்கும்போது பிரேக் மிதிப்பது நம் கட்டுப்பாட்டில் இருக்காது. ஒட்டிய பிளாஸ்திரியை மறுநாள் காலை எடுத்துவிட்டுச் சாதாரணமாகக் குளிக்கலாம். குளம், ஆறு, கடல் மட்டும் சில நாட்களுக்கு வேண்டாம். இரண்டு நாள் மாடிப்படி ஏறி இறங்குவதையும், சுமை தூக்குவதையும், தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து எழுவதையும் குறைத்துக்கொள்ளுங்கள். வலி மறைந்த உற்சாகத்தில் மூன்றாம் நாளே மலைக்கோயில் படி ஏறியவர்களை எனக்குத் தெரியும்.

எதையெல்லாம் எழுதி வைக்க வேண்டும்?

தேதி, எந்த மூட்டு, வலமா இடமா, மருந்தின் பெயர், எத்தனை மில்லிகிராம், போட்டவர் யார் என்பவை போதும். வெளியே வருவதற்கு முன் மருந்துக் குப்பியின் அட்டையைக் கேட்டு வாங்கி, அதைப் பார்த்தே எழுதுங்கள். ‘வலி ஊசி’ என்று மட்டும் எழுதினால் அடுத்த மருத்துவருக்கு அதனால் பயனில்லை. அதற்குக் கீழே ஏழு நாள் சர்க்கரை அளவும், வலி எந்த வாரம் திரும்பியது என்பதும் இருக்கட்டும். அம்மாவின் நோட்டில் நான்காண்டுகளில் நான்கு பதிவுகள் உள்ளன. முதல் ஊசிக்குப் பதினொன்றாம் வாரமும், இரண்டாவதற்கு ஒன்பதாம் வாரமும், மூன்றாவதற்கு ஐந்தாம் வாரமும் வலி திரும்பியதாக அதில் இருக்கிறது. நான்காவதற்கு எதிரே ‘பதினெட்டு நாள்’ என்று அவர் கையாலேயே எழுதியிருக்கிறார். சென்ற மாதம் அந்தப் பக்கத்தைப் பார்த்த பிறகுதான், மருத்துவர் ஐந்தாவது ஊசியைப் போடாமல் அறுவை சிகிச்சையைப் பற்றிப் பேசத் தொடங்கினார்.